குமாஸ்தாக்களுக்காகப் பதவி துறந்த மந்திரி

மந்திரி பதவிக்கு ஆசைப்படாத அரசியல்வாதி அபூர்வம். கையில் இருந்த மந்திரி பதவியை, பாங்கி குமாஸ்தாக்களின் சம்பளத்துக்காக உதறியவர் ஒருவர் உண்டு. அவர்தான் பின்னாளில் ஜனாதிபதியாக உயர்ந்த வி.வி.கிரி.

1894-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த பெர்காம்பூரில் அவர் பிறந்தார். அந்த ஊர் இப்போது ஒடிசாவில் இருக்கிறது. தந்தை வக்கீல். மகனும் சட்டம் படிக்க 1913-ல் அயர்லாந்துக்குப் போனார்.

அங்கே தொழிலாளர் தலைவர் ஜேம்ஸ் கொனலியின் கருத்துகள் அவரைக் கவர்ந்தன. 1916-ல் அயர்லாந்தில் புரட்சி வெடித்தது. கொனலி சுட்டுக் கொல்லப்பட்டார். புரட்சிக்காரர்களுடன் தொடர்பு உள்ளவர் என்று சந்தேகிக்கப்பட்ட கிரி, நாட்டை விட்டு வெளியேறும்படி உத்தரவிடப்பட்டார்.

ரெயில்வே தொழிலாளர் நடுவே

ஊர் திரும்பிய கிரி வக்கீல் தொழிலோடு நிற்கவில்லை. வங்காள-நாக்பூர் ரெயில்வே தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைத்தார். 1928-ல் அவர்களின் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கினார். அகில இந்திய ரெயில்வே தொழிலாளர் சம்மேளனத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். 1931-ல் லண்டன் வட்டமேஜை மாநாட்டில் தொழிலாளர் பிரதிநிதியாகக் கலந்துகொண்டார்.

1937 தேர்தலில் பொப்பிலி ராஜாவையே தோற்கடித்தார். ராஜாஜி மந்திரிசபையில் தொழிலாளர் நல மந்திரி ஆனார். சுதந்திரத்துக்குப்பின் இலங்கையில் இந்தியத் தூதராக இருந்தார். 1952-ல் நேரு அவரை மத்திய தொழிலாளர் மந்திரி ஆக்கினார்.

ராஜினாமா

அந்த நாளில் பாங்கி ஊழியர்களின் சம்பளத் தகராறு பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டிருந்தது. முடிவில், தொழிலாளர் அப்பீல் மன்றம் 1954-ல் தீர்ப்பு அளித்தது. ஊழியர்களுக்கு அதனால் நன்மை கிடைத்தது. ஆனால் ஆகஸ்டு மாதம் மத்திய அரசு அந்தத் தீர்ப்பைத் திருத்தி, சலுகைகளைக் குறைத்தது. இவ்வளவு சுமையைப் பாங்கிகள் தாங்காது என்பது அரசின் வாதம்.

"தீர்ப்பை ஏற்றுக்கொள்" என்று தொழிலாளர்களிடம் சொல்லும் அரசு, தானே தீர்ப்பை மாற்றலாமா? இதுதான் கிரியின் கேள்வி. அதே மாதம் அவர் ராஜினாமா செய்தார். பிறகு அரசு ஒரு கமிஷனை நியமித்தது. அதன் சிபாரிசுப்படி 1955-ல் தனிச் சட்டமே வந்தது.

கிரி 1957 தேர்தலில் தோற்றார். உத்தரப்பிரதேசம், கேரளம், மைசூர் ஆகிய மாநிலங்களில் கவர்னராக இருந்தார். 1967-ல் துணை ஜனாதிபதி ஆனார்.

ஒரு கையெழுத்து

1969 மே மாதம் ஜனாதிபதி ஜாகீர் உசேன் காலமானார். கிரி தற்காலிக ஜனாதிபதி ஆனார். ஜூலை 19-ந் தேதி 14 பெரிய பாங்கிகளை நாட்டுடமை ஆக்கும் அவசரச் சட்டம் அவரிடம் வந்தது. பாங்கி ஊழியர்களுக்காகப் பதவி இழந்தவரே அதில் கையெழுத்திட்டார். மறுநாள் பதவி விலகி, ஜனாதிபதி தேர்தலில் சுயேச்சையாக நின்றார். காங்கிரசின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டியை, இரண்டாவது விருப்ப ஓட்டுகளையும் எண்ணிய பிறகே வெல்ல முடிந்தது.

தேர்தல் வழக்கில் பதவியில் இருக்கும்போதே சுப்ரீம் கோர்ட்டில் ஆஜராகிச் சாட்சி சொன்னார்.

சோதனை

1974 மே மாதம் நாடு முழுவதும் ரெயில்வே வேலைநிறுத்தம் நடந்தது. ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள், பலர் வேலை இழந்தனர். வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்டபோது ராஷ்டிரபதி பவனில் இருந்தவர், ஒரு காலத்தில் அதே ரெயில்வே தொழிலாளரின் தலைவராக இருந்த கிரி. மந்திரிசபையின் ஆலோசனைப்படி நடக்கவேண்டிய பதவி அது. 1954-ல் மந்திரி கிரி செய்ததை, 1974-ல் ஜனாதிபதி கிரி செய்யவில்லை. அவரது வரலாற்றில் இதையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

1975-ல் அவருக்குப் பாரத ரத்னா விருது கிடைத்தது. 1980 ஜூன் மாதம் சென்னையில் காலமானார்.

தொழிலாளியும் முதலாளியும் நேருக்கு நேர் பேசித் தீர்க்கவேண்டும். கோர்ட்டு கடைசி வழிதான் என்பது கிரியின் கொள்கை. பாங்கி ஊழியர்களின் சம்பளம் 1966 முதல் அப்படித்தான் முடிவாகிறது. 12-வது ஒப்பந்தம் 2024 மார்ச் மாதம் கையெழுத்தானது.