அச்சேறிய ஆணைகள்

கண்காணிப்புக் கேமரா ஒன்றை வாங்கிச் சுவரில் பொருத்தி மின்னிணைப்புத் தந்ததும் அது காட்சிகளைப் பதியத் தொடங்குகிறது. நாம் அதற்கு எதையும் கற்றுத் தரவில்லை. ஒளியை எவ்வாறு எண்களாக மாற்றுவது, யாருக்குக் கதவு திறப்பது, கடவுச்சொல் யாது என்பனவற்றை அது தொழிற்சாலையிலேயே கற்று வந்திருக்கிறது. அக்கல்விக்கு நிலைபொருள் என்று பெயர். தொழிற்கூடங்களில் 'ஃபர்ம்வேர்' என்பர். மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவகச் சில்லில் எழுதப்பெறும் ஆணைத் தொகுப்பு இது.

சீனாவின் ஷென்செனாயினும் நம் திருப்பெரும்புதூராயினும் மின்னணுப் பொருள்கள் உருவாகும் முறை பெரிதும் ஒன்றே. வெற்று மின்சுற்றுப் பலகையின்மீது துளையிட்ட மெல்லிய எஃகுத் தகட்டை வைத்துப் பற்றாசுப் பசையைத் தேய்க்கின்றனர். பொற்கொல்லர் நகையை ஒட்டப் பயன்படுத்தும் பற்றாசின் உறவுதான் இதுவும். வெள்ளீயமே இதில் மிகுதி, வெள்ளியும் செம்பும் சிறிதளவு. பசை படிந்த இடங்களில் உறுப்புகளை எந்திரக் கை எடுத்து வைக்கிறது. அவற்றுள் பல 0.6 மில்லிமீட்டர் நீளமும் 0.3 மில்லிமீட்டர் அகலமுமே உடையவை; கடுகினும் சிறியவை. மணிக்குப் பல்லாயிரம் உறுப்புகளை வைக்கும் அவ்விரைவில் ஒன்றிரண்டு சற்றே விலகி அமர்வதுண்டு. அதனால் பெருங்கேடு இல்லை. பலகை ஏறத்தாழ 240 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள உலைக்குள் செல்லும்போது பசை உருகுகிறது. உருகிய உலோகத்தின் பரப்பு இழுவிசை, விலகிய உறுப்பைத் தானே உரிய இடத்திற்கு இழுத்துக்கொள்கிறது. இயற்பியல் பாடத்தில் நீர்த்துளியின் வடிவுக்குக் காரணமாக நாம் படிக்கும் விசைதான் அங்கே திருத்துநராக நிற்கிறது.

உலையிலிருந்து வெளிவந்த பலகை உடல் மட்டுமே. சோதனை மேடையில் ஊசி முனைகள் அதன் புள்ளிகளைத் தொட, நிலைபொருள் சில்லினுள் எழுதப்படுகிறது. (சில தொழிற்சாலைகளில் சில்லில் முன்னரே எழுதிவிட்டுப் பிறகு பலகையில் பொருத்துவர்.) பொறியாளர் ஒப்புதல் அளித்த ஒரே மூலப்படிமம் ஓர் எழுத்தும் மாறாமல் பல லட்சம் கருவிகளுக்குச் செல்கிறது. மாறுவன மிகச் சில: கைப்பேசிக்குரிய 15 இலக்க அடையாள எண், வலையிணைப்புக்குரிய தனி முகவரி, அந்தந்தக் கருவியின் உணரிக்கேற்ற அளவுத் திருத்தங்கள்.

இங்கே தமிழ் படிப்போர்க்கு ஓர் எண்ணம் தோன்றலாம். ஏட்டுச் சுவடிகளைப் படியெடுத்தோர் பிழை செய்தனர். ஆனால் ஒருவர் செய்த பிழையை மற்றவரும் அவ்வாறே செய்வது அரிது. அதனாலன்றோ உ.வே.சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்பிட்டு உண்மைப் பாடத்தைத் தெளிய முடிந்தது! அச்சு நூலிலோ கோத்த எழுத்தில் பிழை நேரின், அது படிதோறும் தவறாமல் இடம்பெறும். நிலைபொருள் அச்சு நூலைப் போன்றது.

அதன் விளைவை 2016இல் உலகம் கண்டது. 'மிராய்' என்னும் தீநிரல், இணையத்தில் இணைந்திருந்த கேமராக்களையும் காட்சிப்பதிவுப் பெட்டிகளையும் வீட்டுத் திசைவிகளையும் தேடிச் சென்றது. அதனிடம் நுட்பமான ஆயுதம் எதுவுமில்லை. தொழிற்சாலைகள் இட்ட பயனர்பெயர், கடவுச்சொல் இணைகள் அறுபதுக்குச் சற்று மேல் மட்டுமே இருந்தன. உச்ச நிலையில் ஏறத்தாழ 6 லட்சம் கருவிகள் அதன் வசப்பட்டன. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் அவ்வகைக் கருவிகளின் படை, இணையப் பெயர்களுக்கு முகவரி காட்டும் 'டைன்' என்னும் அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கியது. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலிய தளங்களைப் பலர் பல மணி நேரம் அடைய முடியவில்லை. தங்கள் வீட்டுக் கேமராவும் அப்படையில் இருந்ததை அதன் உரிமையாளர் பலர் அறிந்திலர். கருவியை அணைத்து இயக்கினால் தீநிரல் நினைவிலிருந்து நீங்கும். ஆனால் கடவுச்சொல் மாறாதவரை அது மீண்டும் நுழைந்துவிடும். சில கருவிகளிலோ கடவுச்சொல் நிலைபொருளுக்குள்ளேயே பதிக்கப்பட்டிருந்ததால், உரிமையாளர் விரும்பினாலும் மாற்ற வழியில்லை.

ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கடவுச்சொல் தர இயலாதா? இயலும். அதனை உருவாக்கி, சில்லில் எழுதி, அதே சொல்லை ஒட்டுத்தாளில் அச்சிட்டு, இரண்டும் பொருந்துவதைச் சரிபார்க்க வேண்டும். கருவி ஒன்றுக்குச் சில நொடிகளும் சிறிது பணமும் கூடும். அதனைத் தவிர்த்ததைக் கவனக்குறைவு என்பதினும் தவறான சிக்கனம் என்பதே பொருந்தும். கலிபோர்னியாவில் 2020 ஜனவரியிலும் பிரிட்டனில் 2024 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்த சட்டங்கள் இச்சிக்கனத்திற்குத் தடையிட்டன.

தயாரிப்பாளரின் மின்னொப்பம் இல்லாத நிலைபொருளை ஏற்க மறுக்கும் சில்லுகளும் இன்று பரவியுள்ளன. இவை அயலாரைத் தடுக்கின்றன. அதே பூட்டு, நிறுவனம் திருத்தங்கள் வழங்குவதை நிறுத்திய பின்னர், பழுதறிந்த உரிமையாளரையும் வெளியே நிறுத்துகிறது. சாவி யாரிடம் இருத்தல் வேண்டும் என்னும் வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

உங்கள் வீட்டில் அண்மையில் வாங்கிய திசைவி இருப்பின், அதன் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பொருளற்ற எழுத்துகளும் எண்களும் கலந்த கடவுச்சொல் ஒன்று சிறிய ஒட்டுத்தாளில் அச்சிடப்பட்டிருக்கக் கூடும். அடுத்த வீட்டுத் திசைவியில் அது வேறாக இருக்கும்.