சேமிப்பகம் நிறுவுமுன் முகவரிப் பட்டியல்

புனே நகரிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் 'அர்க்கா' மீத்திறன் கணிப்பொறி 2024 செப்டம்பர் மாதத்தில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் கணிப்புத் திறன் 11.77 பெட்டாஃபிளாப், சேமிப்புத் திறன் 33 பெட்டாபைட், அதாவது 3.3 கோடி ஜிகாபைட். இத்தகைய கணிப்பொறிகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வேகத்தையே போற்றுகின்றனர். ஆனால் கணித்த முடிவுகளைப் பழுதின்றிப் பாதுகாப்பதும் அதற்கு இணையான பணியே. இந்திய வானிலைத் துறையின் தேசியத் தரவு மையமும் புனேயிலேயே இயங்குகிறது. கெட்டுப்போன கணக்கை மீண்டும் போடலாம். நேற்றுப் பெய்த மழையை இன்று மீண்டும் அளக்க இயலாது.

பெருமளவு தரவை ஒரே சர்வரின் பொறுப்பில் விடுவது ஆபத்து. எனவே லினக்ஸில் இயங்கும் பல சர்வர்களை இணைத்து, பயன்படுத்துவோருக்கு ஒரே சேமிப்பகமாகத் தோன்றும்படி செய்யும் மென்பொருள்கள் கையாளப்படுகின்றன. இவ்வமைப்பைக் கொத்துச் சேமிப்பகம் எனலாம். மீத்திறன் கணிப்பொறிகளுக்கு மட்டுமன்றி, ஒரு கல்லூரியிலோ அலுவலகத்திலோ இரண்டே சர்வர்களைக் கொண்டும் இதனை அமைக்கலாம். பெரிதாயினும் சிறிதாயினும், மென்பொருளை நிறுவுமுன் வலையமைப்பு முகவரிகளை முடிவு செய்தாக வேண்டும்.

ஒவ்வொரு சர்வரிலும் அலுவலக வலையமைப்புடன் இணையும் அட்டைகள் இரண்டு இருப்பதாகக் கொள்வோம். அட்டைக்கு ஒன்றாக நான்கு நிலையான முகவரிகள் தேவை. இவையன்றி நடமாடும் முகவரிகளும் உண்டு. இவை எந்த அட்டைக்கும் நிரந்தரமாக உரியவை அல்ல. ஒரு சர்வர் நின்றுவிட்டால் மற்றொன்று அதன் நடமாடும் முகவரியை ஏற்றுப் பணியைத் தொடரும். பயன்படுத்துவோர் இம்முகவரியையே அறிவர் என்பதால் சர்வர் மாறியதை அவர்கள் அறிவதில்லை. இவற்றுக்கு மேலும் நான்கு ஒதுக்குவோம். நிர்வாகத்திற்கு ஒன்று, அணைந்த சர்வரைத் தொலைவிலிருந்து இயக்கும் பலகைகளுக்கு இரண்டு. ஆக, பதினொன்று. பின்னர் சர்வர்கள் நான்காகுமானால் தேவை இருபத்தொன்றாகும். வலையமைப்புப் பிரிவுக்கு விண்ணப்பிக்கையிலேயே இந்த விரிவாக்கத்தையும் கருதித் தொடர்ச்சியான முகவரிகளைக் கேட்பது நலம். இயந்திரம் வந்திறங்கிய பிறகு முகவரிக்காகக் கோப்பு அனுப்பினால், இயந்திரம் பெட்டியிலேயே காத்திருக்க நேரும்!

சர்வர்கள் தமக்குள் 'உயிருடன் இருக்கிறேன்' என்று இடைவிடாது செய்தி அனுப்பிக்கொள்ளும் தனி இணைப்புகளும் வேண்டும். அச்செய்தி நின்றால், ஒவ்வொரு சர்வரும் மற்றது இறந்துவிட்டதாக முடிவு செய்து தானே முழுப்பொறுப்பையும் ஏற்க முனையக்கூடும். தக்க தடுப்பு இல்லையெனில் இரண்டும் ஒரே வட்டில் எழுதத் தொடங்கும், தரவு சிதையும். இதைத் தவிர்க்கவே இரண்டு தனி இணைப்புகள் இடப்படுகின்றன. இங்குப் பலர் செய்யும் பிழை, இரண்டுக்கும் ஒரே வரிசை முகவரிகளை அளிப்பதாகும். அவ்வாறு அளித்தால் லினக்ஸ் இரு வழிச் செய்திகளையும் ஒரே அட்டை வழியாக அனுப்பக்கூடும். அந்தக் கம்பி அறுந்தால் மற்றது இருந்தும் பயனில்லை. ஒன்றுக்கு 192.168.10 வரிசையும் மற்றொன்றுக்கு 192.168.11 வரிசையும் அளிக்கலாம். இவை 1994-ஆம் ஆண்டு முதல் தனியார் வலையமைப்புகளுக்கென ஒதுக்கப்பட்ட தொகுதியைச் சேர்ந்தவை. எனினும் அதே வரிசை அலுவலகத்தில் வேறெங்கும் வழக்கில் இல்லையென உறுதி செய்துகொள்ள வேண்டும்.

முகவரிகளைத் தானாகவே வழங்கும் சர்வர் பல அலுவலகங்களில் உண்டு. சேமிப்பகத்திற்கு ஒதுக்கியவற்றை அதன் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும்; இல்லையேல் யாரோ ஒருவரின் மேசைக் கணிப்பொறி ஒருநாள் சேமிப்பகத்தின் முகவரியைப் பெற்றுவிடும். நிறுவும் முன்பு, நிலையான முகவரிகள் விடையளிக்க வேண்டும். நடமாடும் முகவரிகள் விடையளிக்கக் கூடாது. 'பிங்' சோதனைக்கு விடை வராததால் மட்டும் முகவரி காலியாக உள்ளது எனக் கொள்ளலாகாது. அக்கணிப்பொறி விடையளிக்க மறுக்கும்படி அமைக்கப்பட்டிருக்கலாம். அதே வலையமைப்புப் பகுதியிலிருந்து 'ஆர்ப்பிங்' கொண்டு வினவுவது மேலும் நம்பத்தக்கது.

பெயர்களிலும் ஒரு பொறி உண்டு. டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் சர்வரின் பெயர் 127.0.1.1 என்னும் முகவரியுடன் இணைக்கப்பட்டிருக்கலாம். இது 'என்னையே' என்று பொருள்படும் முகவரி. அதைப் பக்கத்துச் சர்வருக்குத் தெரிவித்தால், அது தன்னையே தேடிக்கொண்டிருக்கும். அந்த வரியை நீக்கி உண்மையான முகவரியை எழுத வேண்டும்.

பின்னர் திருத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் இங்குப் பொருந்தாது. மீத்திறன் கணிப்பொறிகளில் பரவலாக வழங்கும் 'லஸ்டர்' மென்பொருள், சர்வர்களின் முகவரிகளைத் தன் அமைப்புப் பதிவுகளிலேயே எழுதிக்கொள்கிறது. அவற்றை மாற்றச் சேமிப்பகத்தை நிறுத்த வேண்டியிருக்கும். 'செஃப்' மென்பொருளிலும் கண்காணிப்புச் சர்வரின் முகவரியை மாற்றுவது எளிதன்று.

பட்டியலில் முகவரி, அட்டையின் பெயர், அதன் வன்பொருள் எண், உபவலை மறைப்பு, நுழைவாயில், பெயர்ச் சர்வர், நேரச் சர்வர் ஆகியவற்றுக்குப் பத்திகள் இருக்கட்டும். நேரச் சர்வரைப் பலர் மறந்துவிடுகின்றனர். கடிகாரங்கள் வேறுபட்டால் எந்தப் பதிவு முந்தியது என்பதில் குழப்பம் நேரும். பட்டியலின் ஒரு படியை வலையமைப்புப் பிரிவில் கொடுத்துவிட்டு, மற்றொன்றைச் சர்வர் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைக்கலாம்.