மாடு குடிக்கும் குளத்து நீர்

யாழ்ப்பாணத்துப் பழைய தெருவோரங்களிலே தண்ணீர்த் தொட்டியும் அதனருகே ஆவுரோஞ்சிக் கல்லும் நிற்பதை இன்றும் சில இடங்களிற் காணலாம். தினவெடுத்த மாட்டுக்குக் கல். தாகமெடுத்த மாட்டுக்குத் தொட்டி. கிணற்றிலிருந்து இறைத்து வார்த்த தொட்டி நீரில் மாடு இறங்கி நிற்பதில்லை, சாணமிடுவதுமில்லை. குளத்திலோ இவ்விரண்டும் நாள்தோறும் நிகழ்கின்றன. அதே நீரைத்தான் மறுநாளும் அது குடிக்கின்றது.

வெயில் மிகுந்த நாளிற் கறவைப் பசுவொன்று 50 லீற்றருக்கு மேலும் நீர் அருந்தும். பாலிலே நூற்றுக்கு 87 பங்கு நீரன்றோ! நாற்றமெடுத்த நீரைப் பசு வேண்டிய அளவு குடியாது; குடியாவிடிற் பால் வற்றும். நாமோ வைக்கோலையும் பிண்ணாக்கையும் குறை கூறுவோமேயன்றித் தண்ணீரை எண்ணிப் பார்ப்பதில்லை.

பச்சை நிறமுள்ள குளமெல்லாம் நஞ்சென அஞ்சவேண்டியதில்லை. தடியொன்றால் அள்ளிப் பார்த்தால் நூல் நூலாகத் தொங்கும் பாசி பெரும்பாலும் தீங்கற்றது. பச்சைச் சாயத்தைக் கொட்டிவிட்டாற்போல நீரின்மேல் ஏடாகப் படர்வதே ஐயத்துக்குரியது. நீலப்பச்சைப் பாசி என வழங்கினும் அது உண்மையிற் பற்றீரியா இனத்தைச் சேர்ந்தது. தென் அவுஸ்திரேலியாவிலுள்ள அலெக்சாந்திரினா ஏரியின் நீரைக் குடித்த கால்நடைகள் இறந்தமைக்கு இத்தகைய ஏடே காரணமென ஜோர்ஜ் பிரான்சிஸ் என்பவர் 1878ஆம் ஆண்டிலேயே ‘நேச்சர்’ இதழில் எழுதினார். இவ்வினத்திற் சில ஈரலைக் கெடுக்கும். சில நரம்பைத் தாக்கிச் சில மணி நேரத்துக்குள்ளேயே உயிரைப் போக்கும். எது நஞ்சுடையது, எது நஞ்சற்றது என்பதைக் கண்ணாற் கண்டறிய இயலாது. கொதிக்க வைத்தாலும் நஞ்சு நீங்காது.

தோட்டத்துப் பசளையும் சாணமும் மழைநீரோடு குளத்தை அடைந்து இதற்கு உணவாகின்றன. நீர் வற்றி வெப்பமேறும் மாதங்களில் இது பெருகும். மிதக்கும் ஏட்டைக் காற்று ஒரு கரையிற் கொண்டுபோய்ச் சேர்க்கும். சோழகக் காற்று வீசும் காலத்தில் வடகிழக்குக் கரையிலேயே அது தடித்துக் கிடக்கும். பட்டி அப்பக்கமாக இறங்கினால், எதிர்க்கரை தெளிந்திருந்தும் பயனென்ன? மயில்துத்தம் தூவி ஏட்டை அழிப்பவர்களும் உளர். ஆயின், பாசி மடியும்போது அதனுள் அடங்கியிருந்த நஞ்சு முழுவதும் நீரிற் கலக்கும். அந்நாட்களிலேதான் அபாயம் அதிகம். செம்மறிக்குச் செம்பு மிகுந்தால் அதுவே நஞ்சுமாகும்.

சேற்றுக் கரையில் வாழும் ஒருவகை நத்தை ஈரற்புழுவின் குஞ்சுகளை வளர்த்து விடுகின்றது. அவை கரையோரப் புல்லில் ஒட்டியிருந்து மாட்டின் வயிற்றை அடையும். பின்னர் மாடு மெலியும். தாடையின் கீழ் நீர்வீக்கம் தோன்றுவதுமுண்டு. எலியினதும் மாட்டினதும் சிறுநீராற் பரவும் எலிக்காய்ச்சற் கிருமி பசுவைக் கன்று சிதையச் செய்வதோடு, காலிற் காயத்துடன் அந்நீரில் இறங்குபவரையும் பற்றும். கிருமிநாசினித் தாங்கியைக் குளத்திற் கழுவும் வழக்கத்தைப்பற்றி இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

கரையோரக் கிராமங்களில் உவர் இன்னொரு தொல்லை. லீற்றருக்கு 5,000 மில்லிகிராம் வரை உப்பு இருப்பின் மாடு ஒருவாறு பொறுக்கும். 7,000ஐத் தாண்டினாற் சினைப்பசுவுக்கும் கறவைக்கும் ஆகாது. மாரியில் நன்னீராக இருந்த குளம், வற்ற வற்ற உவர்ப்பதை மறக்கலாகாது.

குளத்தைச் சுற்றி வேலியிட்டு, கரைக்கு அப்பால் மேற்பரப்பின் கீழிருந்து நீரை எடுத்துத் தொட்டியில் விடுதல் சாணத்தையும் சேற்றையும் விலக்கும். தொட்டியையும் அடிக்கடி தேய்த்துக் கழுவுதல் வேண்டும். ஏடு படர்ந்த குளமாயின் கிணற்று நீரே தக்கது. அத்தகைய குளத்திற் குடித்த மாடு தள்ளாடி விழுந்தால், ஏனைய மாடுகளை உடனே அப்புறப்படுத்தி மிருக வைத்தியரை அழைப்பிக்க வேண்டும். ஏடு கலந்த நீரிற் சிறிதைக் கையிற் படாமற் போத்தலில் எடுத்து, வெயில் படாது வைத்திருந்து அவரிடம் கொடுத்தால் நோயறிய உதவும்.