கெடுத்தவரே கொடுக்கணும்!
(பாலாற்று வழக்கும் பெரிய மனிதர்களின் பொறுப்பும்)



'உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கணும், தப்பு செஞ்சவன் தண்டனை அனுபவிக்கணும்' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் நம்ம வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் இந்தப் பழமொழி தலைகீழாகப் போய்விட்டது. உப்பைக் கொட்டியவர் ஒருவர். உப்புத் தண்ணி குடித்தவர் வேறொருவர்!

வசதியும் செல்வாக்கும் உள்ள ஒருவர் தவறு செய்தால் அவரை யார் கேட்பது? எப்படிக் கேட்பது? கேட்டால் பதில் வருமா? இதற்கு டெல்லி, பம்பாய் ஊழல்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. நம்ம பாலாற்றங்கரையிலேயே பாடம் இருக்கிறது.

தண்ணீர் எப்படிக் கெட்டது?

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுக் கொண்டு வருகிறார்கள். தோல் ஷாப்பில் முதல் வேலையே ஊறவைத்துக் கழுவுவது. அந்த உப்பு முழுவதும் கழுவிய தண்ணீரோடு போகிறது. பிறகு சுண்ணாம்பு, சல்பைடு, அமிலம், குரோம் என்று வரிசையாக வருகிறது. அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை போன்றவற்றால் பதனிட்டார்கள். 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு வந்தபின், குரோம் முறை வேகமாகப் பெருகியது.

ஒரு கிலோ தோலை முழுசாக முடிக்க ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது. இந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போனது? ஓடை, ஏரி, கடைசியில் பாலாறு. ஆற்றுமணலில் இறங்கி, கிணற்றில் ஏறியது.

கெமிஸ்ட்ரி படித்த நண்பர்களுக்கு ஒரு விஷயம். குரோமியத்தைச் சுண்ணாம்பு போட்டு அடியில் படிய வைக்கலாம். அழுகும் பொருட்களை நுண்ணுயிர்களை விட்டுத் தின்ன வைக்கலாம். ஆனால் கரைந்த உப்பு இந்த இரண்டுக்கும் மசியாது! அதைப் பிரிக்க ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ், ஆவியாக்கும் கருவி எல்லாம் வேண்டும். அதற்குப் பெரும் செலவு. அந்தச் செலவை யார் தலையில் கட்டுவது என்பதுதான் வழக்கின் உயிர்நாடி.

கோர்ட்டுக்குப் போன கதை

1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் அரசியல் சட்டத்தின் 32-வது பிரிவின் கீழ் நேராக சுப்ரீம் கோர்ட்டுக்கே போனது. மறுபக்கம் நின்றது லேசான ஆட்கள் அல்ல. நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டு வருகிறவர்கள், ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுக்கிறவர்கள். நம்ம வீடுகளிலும் பலருக்கு அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. கோர்ட்டும் இதை மறுக்கவில்லை. ஆனால் டாலர் வருகிறது என்பதற்காக மக்களின் உடல்நலத்தைக் கெடுக்க உரிமை கிடையாது என்றது.

சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதாகவோ பயிருக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது என்ற ஆய்வும் கோர்ட்டின் முன் வந்தது.

1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான பெஞ்ச் தீர்ப்பு சொன்னது. அதன் சாரம் இதுதான்:

1. கெடுத்தவரே கொடுக்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு மட்டுமல்ல, கெட்டுப்போன மண்ணையும் நீரையும் சீர்செய்யும் செலவும் அவருடையதே.

2. வரும் முன் காக்க வேண்டும். 'கெடுதல் வரும்னு நிரூபிச்சுக் காட்டு' என்று ஊர்க்காரனைக் கேட்கக் கூடாது. தன் தொழிலால் கெடுதல் இல்லை என்று தொழில் நடத்துபவர்தான் காட்ட வேண்டும்.

3. ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம்.

4. நஷ்டஈட்டைக் கணக்கிட ஓர் ஆணையம். பணம் கட்டாவிட்டால் நிலவரி பாக்கியைப் போல கலெக்டர் வசூலிக்கலாம். ஏய்த்தால் தொழிற்சாலையையே மூடலாம்.

இந்தியா முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் இந்த வழக்கை இன்றைக்கும் பாடமாக நடத்துகிறார்கள். நம்ம ஊர் பெயரில்தான் வழக்கு!

தீர்ப்பு வந்தது... பணம் வந்ததா?

இங்கேதான் கதையே இருக்கிறது. ஆணையம் 2001 மார்ச்சில் கணக்குப் போட்டுக் கொடுத்தது. வேலூர் மாவட்டத்தில் பாதிக்கப்பட்டோர் 29,193 பேர். தொகை சுமார் 26.82 கோடி ரூபாய். கேட்கப் பெரிய தொகைதான். வகுத்துப் பாருங்கள்: சராசரியாகத் தலைக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம்! பாழாய்ப்போன கிணற்றுக்குப் பதிலாக இன்னொரு கிணறு வெட்ட இது காணுமா?

அதுவும் எல்லாருக்கும் போய்ச் சேரவில்லை. வழக்கு மறுபடி சுப்ரீம் கோர்ட் ஏறியது. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அடங்கிய பெஞ்ச், இன்னும் கொடுபடாதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் கொடுக்கச் சொன்னது. முதலில் அரசு கொடுத்துவிட்டு, பிறகு கெடுத்தவரிடம் வசூல் செய்ய வேண்டும் என்றது. கண்காணிக்க ஓய்வு பெற்ற ஹைகோர்ட் நீதிபதி தலைமையில் குழுவும் அமைக்கச் சொன்னது. 1991-ல் கைக்குழந்தையாக இருந்தவருக்கு 2025-ல் வயது 34!

பெரியவர்கள் தப்பிக்கும் வழிகள்

முதல் வழி, காலம் கடத்துவது. வாய்தா மேல் வாய்தா. கேட்டவர் களைத்துப் போவார், அல்லது காலமாகிவிடுவார்.

இரண்டாவது, கூட்டத்தில் கரைவது. 'எல்லாரும்தானே விட்டாங்க, நான் மட்டுமா?' அதனால்தான் ஆணையம் ஷாப் வாரியாகக் கணக்குப் போட வேண்டியிருந்தது.

மூன்றாவது, தர்மம். பள்ளிக்கூடத்துக்குக் கட்டிடம், திருவிழாவுக்கு நன்கொடை. நல்ல காரியம்தான், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் தர்மம் வேறு, கடன் வேறு. தர்மம் கொடுப்பவர் இஷ்டம். நஷ்டஈடு வாங்குபவர் உரிமை.

நான்காவது, எட்டாத தூரம் போவது. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். யூனியன் கார்பைடின் தலைவர் வாரன் ஆண்டர்சன் இந்தியா வந்தார், கைதானார், அன்றே ஜாமீனில் வெளியே வந்து அமெரிக்கா போய்விட்டார். 2014-ல் இறக்கும்வரை விசாரணைக்குத் திரும்பவே இல்லை. 2010-ல் தண்டனை பெற்றவர்கள் இங்கிருந்த இந்திய அதிகாரிகள்தான்.

அரசு மட்டும் யோக்கியமா? ராணிப்பேட்டையில் அரசுப் பங்கோடு நடந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் கம்பெனி 1990களின் நடுவில் மூடியபோது விட்டுப்போன குரோமியக் கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கும் மேல். 2006-ல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் வந்தது. எனவே முதலாளியைக் கேட்கும் வாய், கண்டும் காணாமல் இருந்த அதிகாரியையும் கேட்க வேண்டும்.

சரி, நமக்கென்ன?

நமக்குத்தான் இருக்கிறது! டிப்ளமோ முடித்து நம்மில் பலர் சூப்பர்வைசராக, கெமிஸ்டாக, சுத்திகரிப்பு நிலைய ஆபரேட்டராக உட்காரப் போகிறோம். பம்பு ஓடியது, மீட்டர் இவ்வளவு காட்டியது என்று லாக் புக்கில் கையெழுத்துப் போடப்போவது நாம்தான். 'ராத்திரி மழை வரும், வால்வைத் திறந்துடு தம்பி' என்று மேலிருந்து வாய்மொழியாக உத்தரவு வரும். அந்த உத்தரவுக்குச் சாட்சி இருக்காது. நம் கையெழுத்துக்கு இருக்கும்!

1974 நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தில் 47-வது பிரிவு என்று ஒன்று உண்டு. கம்பெனி குற்றம் செய்தால் அந்த நேரத்தில் பொறுப்பில் இருந்தவரும் குற்றவாளி. உடந்தையாகவோ அலட்சியமாகவோ இருந்த டைரக்டரும் மேனேஜரும் குற்றவாளிகள் என்பது அதன் கருத்து. தனக்குத் தெரியாமல் நடந்தது, தடுக்க முழு முயற்சி எடுத்தேன் என்று நிரூபித்தால் தப்பலாம். எதை வைத்து நிரூபிப்பது? ஒழுங்காக எழுதிய லாக் புக்கை வைத்துத்தான்.

2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிட்கோவில் பொது சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத்தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக் கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஒரு சுவர் எவ்வளவு எடை தாங்கும் என்பது சிவில் மாணவனுக்குத் தெரிந்த கணக்குதான். கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்காதபோது பத்து உயிர் போகிறது.

ஆகவே நண்பர்களே, வேலைக்குப் போனதும் மூன்று பழக்கம் வைத்துக்கொள்வோம். மீட்டர் காட்டியதை மட்டும் எழுதுவோம். தவறான உத்தரவு வந்தால் எழுத்தில் கேட்போம். நம் ஊருக்கு வரவேண்டிய விவரங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு வாங்குவோம்.

தொழில் வாழட்டும், முதலாளியும் வாழட்டும். ஆனால் உப்பைக் கொட்டியவர் கணக்குச் சொல்லட்டும். அந்தக் கணக்கை நாளைக்கு எழுதப்போகும் பேனா நம் சட்டைப் பையில்தான் இருக்கிறது!