குழித் தண்ணீர் எப்போது குளமாகும்?

போயா லீவு வந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது காலாற நடந்து வரலாமே என்று இப்போது பல குடும்பங்களில் பேச்சு வருகிறது. நல்ல விஷயம். தினமும் மலை ஏறி இறங்குகிற ஆட்களுக்கு நடை எதற்கு என்று சிலர் சிரிக்கிறார்கள். கொழுந்துப் பாரத்தோடு நடப்பது வேறு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கதை பேசி நடப்பது வேறு. அதை நாம் எவருக்கும் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம்.

ஆனால் எங்கே நடப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். தெரணியகலையிலிருந்து குருவிட்டை, எகலியகொடை, இரத்தினபுரிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் அங்கே கைவிடப்பட்ட மாணிக்கக் குழிகளைப் பார்த்திருப்பீர்கள். பச்சைத் தண்ணீர், சுற்றிலும் புல், ஓரத்தில் ஒரு ஒற்றையடிப் பாதை. பார்த்தால் குளம் மாதிரியே இருக்கும். பிள்ளைகள் உடனே சட்டையைக் கழற்றத் தொடங்கிவிடுவார்கள். அது குளம் இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் இங்கே விளக்கப் போகிறோம்.

மாணிக்கம் தேடுகிறவர்கள் 'இல்லம்' என்னும் சரளைப் படை வரும் வரைக்கும் நேர்க்குத்தாகத் தோண்டுவார்கள். சில இடங்களில் பத்தடியிலேயே இல்லம் அகப்படும். சில இடங்களில் ஐம்பது, அறுபது அடி, அதற்கு மேலும் இறங்க வேண்டும். பக்கத்து மண் சரியாமலிருக்க மரச் சட்டம் கட்டி, இடையிலே இலை தழைகளைத் திணிப்பார்கள். ஊறி வரும் தண்ணீரை மெஷின் வைத்து இரவு பகலாக இறைப்பார்கள். இல்லம் கிடைத்ததும் அதன் போக்கிலேயே பக்கவாட்டில் சுரங்கம் வெட்டிப் போவதும் உண்டு. கல்லு தீர்ந்து மெஷினை நிறுத்தினால் சில நாட்களிலேயே தண்ணீர் மேலே வந்துவிடும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஆற்றிலோ குளத்திலோ இறங்கினால் முதலில் கணுக்கால், பிறகு முழங்கால், பிறகு இடுப்பு என்று ஆழம் படிப்படியாகத்தான் கூடும். குழியில் அப்படி இல்லை. முதல் அடியே ஆழம். கால் வைக்கப் படி கிடையாது, பிடிக்க வேர் கிடையாது. கரை மண் சேறாகக் கையோடு வந்துவிடும். நீந்தத் தெரிந்த ஆளுக்கே ஏறுவது கஷ்டம். அதோடு, உக்கிப்போன மரச் சட்டம் மண்ணைத் தாங்காது. நாம் நிற்கும் இடத்துக்குக் கீழேயே பழைய சுரங்கம் போகலாம். மேலே பாசியும் நீர்ச்செடியும் மூடிவிட்டால் தரை எது, தண்ணீர் எது என்று பெரியவர்களுக்கே தெரியாது.

அப்படியானால் சுரங்கம் தோண்டிய இடம் என்றைக்கும் குடும்பத்தோடு போகக்கூடாத இடம்தானா? இல்லை. நம்மைப் போலவே தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகள் பெருந்தொகையாக வாழும் மலேசியாவில் இதற்கு நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. பேராக் மாநிலத்தில் தைப்பிங் என்றொரு நகரம். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பு அது ஈயச் சுரங்க பூமி. ஈயம் என்றால் நம்ம பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம். அந்தச் சுரங்கங்களுக்காகச் சீனக் கூட்டத்தார் இரண்டு பிரிவாகப் பல வருஷம் வெட்டிக்கொண்டு மாண்டார்கள். 1874இல் சமாதானம் ஆன பிறகுதான் ஊருக்கு 'நிலையான அமைதி' என்று பொருள்படும் தைப்பிங் என்ற பெயர் வந்தது. ஈயம் தோண்டி முடித்த குழிகளை அப்படியே விட்டுவிடாமல் 1880இல் பூங்காவாக ஆக்கத் தொடங்கினார்கள். சுமார் 150 ஏக்கர். குழிகள் ஏரிகளாயின. கரையோர வீதியில் வைத்த தூங்குமூஞ்சி மரங்கள் இன்றைக்குக் கிளையை வீதிக்கு மேலாக நீட்டித் தண்ணீரைத் தொடுகிறாற்போல் நிற்கின்றன. அதன் நிழலில் தாத்தா பாட்டியும் நடக்கிறார்கள், தள்ளுவண்டியில் கைக்குழந்தையும் போகிறது.

நமக்கும் அந்த ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. மலாயாவின் முதல் ரயில் பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து கடற்கரைக்கு எட்டு மைல் தூரம் போடப்பட்டது. அந்த வேலைக்கு இலங்கையிலிருந்து தொழிலாளர் படையைத்தான் கொண்டுபோனார்கள். பின்னால் நிற்கும் மலையில் ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டமும் இருந்தது. மழையும் நம்ம தெரணியகலை மாதிரித்தான், கொட்டித் தீர்க்கும்.

அங்கே குழி குளமானது தானாக அல்ல. கரையைச் சரித்து, செடி கொடி வைத்து, மண்ணைப் பிடிக்க மரம் நட்டு, பாதை போட்டு, பராமரிக்க ஆளும் வைத்ததால்தான் குளமானது. இத்தனையும் செய்தாலும் அவதானம் வேண்டும் என்பதற்கு ஜெர்மனியைப் பார்க்கலாம். அங்கே பழைய நிலக்கரிக் குழிகளுக்குத் தண்ணீர் விட்டுப் பெரிய ஏரிகளாக்கி, சுற்றிலும் நடைபாதையும் சைக்கிள் பாதையும் போட்டிருக்கிறார்கள். இலட்சக்கணக்கானோர் போகிறார்கள். ஆனால் 2009 ஜூலை 18 அதிகாலையில் நாக்டர்ஷ்டெட் என்ற ஊரில் அப்படியான ஓர் ஏரியின் கரை வீட்டோடு சரிந்து உள்ளே போனது. மூன்று பேர் இறந்தார்கள். அவ்வளவு எந்திரமும் எஞ்சினியர்மாரும் உள்ள நாட்டிலேயே தோண்டிப்போட்ட மண் அப்படித்தான் நடந்துகொண்டது. 2016இல் அரநாயக்கவில் மலை சரிந்ததைக் கண்ட கேகாலை மாவட்டத்து ஜனங்களுக்கு, மழையில் ஊறிய மண் என்ன செய்யும் என்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே நடக்கப் போகும்போது, வேலி இல்லாத, கரை சரிக்கப்படாத குழித் தண்ணீருக்குக் கிட்டப் போகவே வேண்டாம். கரையில் வெடிப்பு, சாய்ந்த மரம், உள்வாங்கிய நிலம் கண்டால் உடனே திரும்புங்கள். தோட்டத்து ரோட்டிலேயே காலையில் நடங்கள், மத்தியானத்துக்கு முன் வீடு சேருங்கள். மேலே சிவனொளிபாத மலைப் பக்கம் பெய்தால், இங்கே வெயில் அடிக்கும்போதே சீதாவக்கை ஆறு பெருகும். நாலு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை அரை மணிக்கு மேல் நடக்காது, தூக்கத்தான் வேண்டி வரும், அதற்கும் ஓர் ஆளைக் கணக்கில் வையுங்கள். அட்டைக்குச் சவர்க்காரமோ உப்போ போதும்.

இன்னொரு விஷயம் எலிக்காய்ச்சல். எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரில் கால் நனைந்தால் காயம் வழியாகக் கிருமி ஏறும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் இந்த நோய் வருஷம் தவறாமல் வருகிறது. காய்ச்சலோடு கெண்டைக்கால் நோ, கண் சிவப்பு, மூத்திரம் குறைதல் கண்டால் பனடோல் போட்டுப் பார்த்துக்கொண்டு இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழித் தண்ணீரிலோ சேற்றிலோ இறங்கியதை டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். குழி வேலைக்கும் வயல் வேலைக்கும் போகிற ஆட்கள் முற்காப்பு மருந்து பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கலாம். கடையில் வாங்கி நாமாகப் போடக் கூடாது.

யாராவது குழியில் விழுந்துவிட்டால் பின்னால் குதிக்காதீர்கள். ஒருவரைக் காப்பாற்றக் குதித்து இரண்டு பேர் போவதுதான் வழக்கமாக நடக்கிறது. படுத்துக்கொண்டு மூங்கில், கயிறு, சேலை எதையாவது நீட்டுங்கள், சத்தம் போட்டு ஆள் கூப்பிடுங்கள், 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

மாணிக்கம் தோண்ட அனுமதி எடுக்கும்போதே, குழியை மூடித் தருவேன் என்று பிணைப்பணம் கட்ட வேண்டும் என்பது சட்டம். அதைப் பார்ப்பது தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை. திருட்டுக் குழிக்குத்தான் பிணையும் இல்லை, மூட ஆளும் இல்லை. உங்கள் லயத்துக்கோ பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழிக்கோ பக்கத்தில் திறந்த குழி இருந்தால், டிவிசன் பெயர், மலை நம்பர், லயத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதை ஒரு தாளில் எழுதி நாலு பேர் கையெழுத்து வைத்து, ஒரு பிரதியைக் கிராம சேவகரிடமும் ஒரு பிரதியைத் தோட்ட ஒபீசிலும் கொடுங்கள். மூடும் வரைக்கும் சுற்றிலும் மூங்கில் வேலி போட்டு, ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள்.