உடம்பின் மருந்து அறை

சிவகாசியைச் சுற்றியுள்ள கரிசல் காட்டில் செருப்பில்லாமல் நடக்க முடியாது. செருப்புப் போட்டும் நிம்மதியாக நடக்க முடியாது. சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறிவிடும். ஊரை விட்டு விலகி, காட்டுக்குள் தள்ளித் தள்ளிக் கட்டப்பட்ட பட்டாசு ஆலைகளுக்கு ஒற்றையடிப் பாதையில் போகிறவர்களுக்கு இது அன்றாடக் கதை. ஓரமாக உட்கார்ந்து, சேலையில் குத்தியிருக்கும் ஊக்கை எடுத்து முள்ளை நெம்பிப் போட்டுவிட்டு நடையைக் கட்டுவார்கள்.

முனை ஒடிந்து உள்ளே நின்றுவிட்டால்தான் வம்பு. சாயங்காலத்துக்குள் குதிகால் சிவந்து, சுட்டு, வீங்கி, விண்விண்ணென்று தெறிக்கும். மறுநாள் தொடையிடுக்கில் சுண்டைக்காய் அளவுக்கு நெறி கட்டும். அதற்கடுத்த நாள் முள் இருந்த இடத்தில் சீழ் கோக்கும். "நெறி கட்டியிருக்கா? அப்ப கால்ல எங்கேயோ புண்ணு இருக்கு, நல்லாப் பாரு" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வரைபடத்தில் பாதி அந்த ஒரு பேச்சிலேயே இருக்கிறது.

முள்ளில் பிறந்த அறிவியல்

அந்த வரைபடத்தை முதலில் வரையத் தொடங்கியவருக்கும் ஒரு முள்தான் உதவியது. 1882. இத்தாலியின் சிசிலித் தீவில் மெசினா என்ற ஊர். அங்கே தங்கியிருந்த ரஷ்ய விலங்கியலாளர் இலியா மெச்னிக்கோவ், நட்சத்திர மீனின் இளம் உயிரிகளை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிபோல உள்ளே இருப்பதெல்லாம் தெரியும் உயிரி அது. அதற்குள் ஊர்ந்து திரியும் செல்கள் எதற்காக என்று யோசித்தவர், தோட்டத்து ரோஜா முள்ளைப் பறித்துவந்து அதன் உடம்பில் குத்திவைத்தார். மறுநாள் காலையில் முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்துக் கிடந்தன.

வந்த அந்நியனைச் சூழ்ந்து விழுங்கப் பார்க்கும் செல்கள் உடம்புக்குள் உண்டு என்ற கருத்து அங்கிருந்து வளர்ந்தது. 1908இல் அவருக்கு மருத்துவ நோபல் கிடைத்தது. ரத்தத்தில் கரைந்திருக்கும் எதிர்ப்பொருள்களை ஆராய்ந்த ஜெர்மானியர் பால் எர்லிக்குடன் அதைப் பகிர்ந்துகொண்டார். விழுங்கும் செல், கரைந்திருக்கும் எதிர்ப்பொருள் என்று அன்றைக்கு எதிரெதிர் அணியாக நின்ற இரண்டும் ஒரே படையின் இரண்டு பிரிவுகள் என்பது பிறகு தெளிவானது.

அழலும் அழற்சியும்

முதல் காவல் தோல்தான். வியர்வையின் உப்பும் லேசான அமிலத்தன்மையும் சேர்ந்த, மேலடுக்கை ஓயாமல் உதிர்த்துக்கொண்டே இருக்கும் மதில் அது. முள் அந்த மதிலில் ஓட்டை போட்டு, தன்னோடு மண்ணிலுள்ள பாக்டீரியாவையும் உள்ளே கொண்டுபோகிறது.

தோலுக்கு அடியில் நிரந்தரமாகக் குடியிருக்கும் பெருவிழுங்கி செல்கள்தான் அதை முதலில் கண்டுகொள்கின்றன. பாக்டீரியாவின் மேலுறையில் மனித உடம்பில் எங்கும் இல்லாத சில பொருள்கள் உண்டு. அவற்றைத் தொட்டதும் பெருவிழுங்கிகள் வேதிச் செய்திகளை வெளிவிடுகின்றன. அக்கம்பக்கத்து நுண்ரத்தக் குழாய்கள் விரிகின்றன: சிவப்பும் சூடும் இதனால்தான். குழாய்ச் சுவர் நெகிழ்ந்து நீர் கசிகிறது: வீக்கம். நரம்பு நுனிகள் சீண்டப்படுகின்றன: வலி. இந்த நான்குக்கும் சேர்த்து மருத்துவத் தமிழ் வைத்திருக்கும் பெயர் அழற்சி. அழல் என்றால் நெருப்பு. குதிகாலில் எரிவது கிருமி வைத்த தீ என்றுதான் நமக்குத் தோன்றும். அதைப் பற்றவைத்தது உடம்பேதான்.

எப்படிப்பட்ட தீ? பட்டாசுத் தொழிலில் வெடிக்கான கலவைக்குப் பெயரே 'மருந்து'. மருந்து கலப்பது, மருந்து செலுத்துவது என்றுதான் பேச்சு. அலுமினியப் பவுடரும் கந்தகமும் கரியும் எரியும் பொருள்கள். வெடிக்கப் போகும் அந்தச் சிறு காகிதக் குழாய்க்குள் எரிவதற்கு வேண்டிய காற்று இல்லை. ஆக்சிஜனைக் கொடுப்பது வெடியுப்பு. அது இல்லாவிட்டால் அந்த வேகம் வராது.

ரத்தத்திலிருந்து முள் இருக்கும் இடத்துக்கு ஓடி வரும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவும் ஆக்சிஜனைத்தான் ஆயுதமாக்குகிறது. நம் எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குப் பத்தாயிரம் கோடி அளவில் இவற்றை உற்பத்தி செய்கிறது. பாக்டீரியாவை விழுங்கியதும் இந்தச் செல் திடீரென்று ஆக்சிஜனை வாரி இழுத்து, அதைச் சூப்பர் ஆக்சைடாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் கடைசியில் ஹைப்போகுளோரஸ் அமிலமாகவும் மாற்றுகிறது. தெருவில் தூவும் ப்ளீச்சிங் பவுடர் தண்ணீரில் கரையும்போது கிருமியைக் கொல்கிறதே, அந்த அமிலம்தான் இது. அறிவியலார் இந்த நிகழ்வுக்குச் சூட்டிய பெயர் 'சுவாச வெடிப்பு'.

சீழைக் கவனித்தால் வெள்ளைக்குள் லேசான பச்சை தெரியும். அந்த அமிலத்தை உண்டாக்கும் நொதியில் இரும்பு இருக்கிறது. அதன் நிறமே பச்சை. செத்து விழுந்த கோடிக்கணக்கான நியூட்ரோஃபில்கள் விட்டுப்போன நிறம் அது. சுவாச வெடிப்பைத் தொடங்கிவைக்கும் வேறொரு நொதி பிறவியிலேயே பழுதான குழந்தைகள் உண்டு. அபூர்வம்தான். அவர்களுடைய வெள்ளணுக்கள் கிருமியை ஒழுங்காக விழுங்கும்; ஆனால் சில வகைக் கிருமிகளை உள்ளே வைத்துக்கொண்டு கொல்லத் தெரியாமல் முழிக்கும். வெடியுப்பு சேர்க்காத மருந்து மாதிரி.

நாலு பேருக்கு மேல் கூடாது

சொந்த வீட்டுக்குள்ளேயே வெடி வெடிக்கும் உடம்பு வெந்துபோகாதது எப்படி?

பட்டாசு ஆலையின் அமைப்பை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஒரே பெரிய கட்டடமாக எதுவும் இருக்காது. சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றுக்கும் இடையே இடைவெளி. கதவுகள் வெளிப்பக்கம் திறக்கும். மருந்து புழங்கும் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. உள்ளே போகுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பிலிருக்கும் நிலைமின்சாரத்தை இறக்க வேண்டும். தரையில் ரப்பர் விரிப்பு, உடம்பில் பருத்தி உடை. விதிகள் அத்தனைக்கும் சாரம் ஒன்றுதான்: தீப்பிடித்தாலும் ஓர் அறையோடு நிற்க வேண்டும்.

நியூட்ரோஃபில்லும் அறை கட்டித்தான் வெடிக்கிறது. விழுங்கிய பாக்டீரியாவைச் சுற்றிச் சவ்வால் ஒரு பையை உண்டாக்கி, அமிலத்தை அந்தப் பைக்குள் கொட்டுகிறது. ஆயுதம் ஏந்திய இந்தச் செல்லுக்கு ஆயுளும் குறைவு. ரத்தத்தில் ஒருநாள் போலத்தான் சுற்றுகிறது. ஆபத்தான சரக்கை அதிக நாள் கையிருப்பில் வைக்காத வியாபாரி மாதிரி.

நெறி கட்டும் இடம்

முதல் சண்டை குதிகாலில் நடக்கும்போதே ஒற்றன் கிளம்பிவிடுகிறான். கிளைபோல் கைகள் நீண்ட டென்ட்ரைட்டிக் செல், கிருமியின் துணுக்கைத் தன்மேல் மாட்டிக்கொண்டு நிணநீர்க் குழாய் வழியே காலில் ஏறுகிறது. அது போய்ச் சேரும் ஊர் தொடையிடுக்கிலுள்ள நிணநீர் முடிச்சு. பெரியவர்கள் தடவிப் பார்த்த 'நெறி' இதுதான்.

அங்கே டி செல்கள், பி செல்கள் என்ற வெள்ளணுக்கள் கூட்டம் கூட்டமாகக் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒரே வகைப் பூட்டு. பூட்டை வார்க்கும் மரபணுத் துண்டுகளை உடம்பு சீட்டுக் குலுக்குவதுபோலக் குலுக்கி அடுக்குவதால் கோடிக்கணக்கான வகைப் பூட்டுகள் கிடைக்கின்றன. இந்தக் குலுக்கலைக் கண்டறிந்த ஜப்பானியர் சுசுமு தொனெகாவாவுக்கு 1987இல் நோபல் கிடைத்தது. வந்த துணுக்கு எந்தப் பூட்டில் பொருந்துகிறதோ, அந்தச் செல் மட்டும் இரண்டாகி, நாலாகி, ஆயிரமாகிப் பெருகுகிறது. முடிச்சு வீங்குவது இதனால். சில பி செல்கள் எதிர்ப்பொருளைக் கொட்டும் ஆலைகளாக மாறுகின்றன. இதற்கு ஒரு வாரம் ஆகும். அதுவரை நியூட்ரோஃபில்கள்தான் கோட்டையைப் பிடித்துவைக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் பெருகியவற்றில் பெரும்பாலானவை மடிந்துவிடும். கொஞ்சம் மட்டும் பல ஆண்டுகள் தங்கும். அவைதான் நினைவு செல்கள்.

நினைவைப் பற்றி சிவகாசி வட்டாரத்துக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சாத்தூர் பக்கம், அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேரும் இருக்கன்குடியில் மாரியம்மனுக்கு ஆடி கடைசி வெள்ளியன்று கூடும் கூட்டம் ஊரறிந்தது. அம்மை போட்ட வீட்டில் வாசலில் வேப்பிலை செருகும்போதே, "மதினிக்கு ஏற்கெனவே போட்டிருச்சு, அவ பக்கத்துல இருந்து பாத்துக்கிடட்டும்" என்று ஏற்பாடு ஆகிவிடும். ஒருமுறை வந்தவருக்குத் திரும்ப வராது என்று ஊர் கண்டுவைத்ததுதான் தடுப்பூசிக்கும் அடிப்படை. பெரியம்மை அப்படித்தான் ஒழிந்தது. இந்தியாவில் கடைசி நோயாளிகள் 1975இல். உலகமே விடுபட்டதாக அறிவிப்பு 1980இல்.

சின்னம்மை மட்டும் ஒரு கள்ளத்தனம் செய்கிறது. புண் ஆறியபின் அந்த வைரஸ் நரம்பு முடிச்சுகளுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. முதுமையிலோ நோயிலோ டி செல்களின் காவல் தளரும்போது, விலாவின் ஒரு பக்கத்தில் பட்டையாகக் கொப்புளம் விட்டு எரிகிறது. குயவர் வீட்டுக்குப் போய்க் காவிக்கட்டியால் எழுதிக்கொள்ளும் அக்கி இதுதான். இப்போது இதற்கு வைரஸ் எதிர்ப்பு மாத்திரை உண்டு; கொப்புளம் தெரிந்த மூன்று நாளைக்குள் தொடங்கினால் பலன் அதிகம்.

நமுத்த வெடி

முள் குத்திய காலோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் 'டிடி' ஊசி போடுவார்கள். மண்ணிலிருக்கும் ரணஜன்னிக் கிருமியை நினைத்துத்தான். இது வினோதமான நோய். ஒருமுறை வந்து பிழைத்தவருக்குக்கூட எதிர்ப்பு வராது. ஆளைக் கொல்லப் போதுமான நஞ்சின் அளவு, நிணநீர் முடிச்சுகளின் கண்ணில் படும் அளவைவிடக் குறைவு. ஊசி ஒன்றே வழி.

ஊசியில் இருப்பதும் அதே நஞ்சுதான், ஃபார்மலின் சேர்த்துப் பல்லைப் பிடுங்கியது. மழையில் நனைந்து நமுத்த வெடியை நினைத்துக்கொள்ளுங்கள். உருவம், லேபிள், திரி எல்லாம் அப்படியே இருக்கும், வெடிக்காது. பி செல்கள் பார்ப்பது உருவத்தைத்தான்; அதை வைத்தே நிஜ வெடியை அடையாளம் கண்டுகொள்ளப் பழகிவிடுகின்றன. குன்னூரில் 1907இல் தொடங்கப்பட்ட பாஸ்டியர் நிறுவனம், குழந்தைகளுக்கான முத்தடுப்பூசியில் இந்த நமுத்த நஞ்சைச் சேர்த்துத் தயாரித்துத் தந்த இடங்களில் ஒன்று.

தீ தாவும்போது

குலுக்கி எடுத்த பூட்டுகளில் சில நம் சொந்தத் திசுவுக்கே பொருந்திவிடும். நெஞ்செலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பியில் டி செல்களுக்குக் கடுமையான பரீட்சை நடக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தேறாமல் அங்கேயே மடிகின்றன. அதையும் தப்பி வருகிறவற்றை அடக்கிவைக்க ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்றொரு வகை ரோந்து சுற்றுகிறது. இதைக் கண்டறிந்த ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோவ், ஃபிரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும்தான் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல். பாதுகாப்பு விதியை அமல்படுத்தும் செல்களுக்குக் கிடைத்த பரிசு என்று சொல்லலாம்.

விதி தவறினால் என்ன ஆகும் என்பதை 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை பார்த்தது. ஓர் அறையில் பிடித்த தீ அடுத்தடுத்த அறைகளுக்குத் தாவியது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஓடி வந்து சூழ்ந்த அக்கம்பக்கத்தாரும் அதில் உண்டு.

பெரிய தீக்காயம் பட்ட உடம்புக்குள்ளும் அதேபோல ஒன்று நடக்கிறது. ஒரு கை முழுதும் வெந்தால் தோலின் 9 சதவீதம் போயிற்று. நெஞ்சும் வயிறும் என்றால் 18. கருகிய திசு விடும் அபாயச் செய்திகள் ரத்தத்தில் கலந்து, ஊசிமுனை இடத்தில் நிற்க வேண்டிய அழற்சி உடம்பெங்கும் பரவுகிறது. எல்லா ரத்தக் குழாயும் கசிந்தால் ரத்த அழுத்தம் இறங்கும். முதல் நாளில் பாட்டில் பாட்டிலாகத் திரவம் ஏற்றுவது இதற்காகத்தான். அடுத்த சில நாளில் எதிர்ப்பு மண்டலமே களைத்துச் சோர்கிறது. மதிலும் இல்லை, படையும் இல்லை. சிவகாசி அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவிலோ மதுரை ராஜாஜி மருத்துவமனையிலோ உறவினர்களை உள்ளே விட மறுப்பது கல்நெஞ்சால் அல்ல. நம் தோலில் சாதுவாக வாழும் பாக்டீரியாகூட அங்கே உயிரைப் பறிக்கும். தீப்பட்ட இடத்தில் இங்க், பேஸ்ட், மாவு எதையும் பூசாதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வதும் அதே காரணத்தால்தான். இருபது நிமிடம் சாதாரணக் குழாய்த் தண்ணீரை ஓடவிடச் சொல்வது சூட்டைத் தணிக்க.

மிச்ச மருந்து

எதிர்ப்பு சக்தியைக் 'கூட்டும்' பொடிகளும் பானங்களும் கடைகளில் தொங்குகின்றன. எதைக் கூட்டும் என்று கேட்டால் பதில் இருக்காது. நியூட்ரோஃபில்லின் வெடிப்பையா? மூட்டுவாதம், ஆஸ்துமா, ஒவ்வாமை எல்லாம் ஏற்கெனவே கூடிப்போன அழற்சிதான். ஒழுங்கான சாப்பாடு, தூக்கம், வேளாவேளைக்குத் தடுப்பூசி, புகையிலை இல்லாமை. இவ்வளவுதான் படைக்கு வேண்டிய ரேஷன்.

குதிகாலில் முள் நீங்கிய பிறகு நடப்பதையும் பார்த்துவிடலாம். வேலை முடித்த நியூட்ரோஃபில் சிதறாமல் தன்னைத்தானே சுருட்டிக்கொள்கிறது. உள்ளே அமிலமும் நொதிகளும் மிச்சமிருக்க அப்படியே விட்டால் பக்கத்துத் திசு வேகும். எனவே முதலில் மணியடித்த அதே பெருவிழுங்கிகள் திரும்ப வந்து, செத்தவற்றை ஒவ்வொன்றாக விழுங்கித் துப்புரவு செய்கின்றன. செய்யும்போதே 'அழற்சி போதும்' என்ற செய்தியையும் அனுப்புகின்றன. வீக்கம் வடிகிறது. நெறி கரைகிறது.

கலந்த மருந்தில் மிச்சம் எதையும் ராத்திரி அறையில் வைத்துப் பூட்டக் கூடாது என்பது பட்டாசு ஆலையில் பழைய விதி. நாலு நாளில் ஆறிப்போகும் ஒவ்வொரு முள் காயத்திலும் உடம்பு அதைத்தான் செய்துவிட்டுப் போகிறது.