மருந்தைச் சுமக்கும் நுண்ணிழைகள்

ஈறு நோயுற்ற ஒருவர் டெட்ராசைக்ளின் மாத்திரையை உட்கொண்டால், அம்மருந்து குருதியில் கலந்து உடலெங்கும் பரவுகிறது. நோயுள்ள இடமோ பல்லுக்கும் ஈறுக்கும் இடையே சில மில்லிமீட்டர் ஆழமேயுள்ள ஒரு பை. இக்குறையைப் போக்க, டெட்ராசைக்ளின் கலந்த மெல்லிய நூலை அப்பையினுள்ளேயே வைக்கும் முறைக்கு அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டு அனுமதி வழங்கப்பட்டது. சுமார் பத்து நாட்கள் அந்நூல் மருந்தை வெளியிடும். ஆனால் அது கரையாத பாலிமரால் ஆனது. வைத்த நூலை எடுத்துவிட நோயாளி மீண்டும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். இத்தகைய இரண்டாவது வருகை நகரவாசிக்கு ஒரு மாலைப்பொழுது. பேருந்தேறி வரும் விவசாயத் தொழிலாளிக்கு ஒரு நாள் கூலி.

தானே கரையும் பொருள்கள் மருத்துவத்திற்குப் புதியன அல்ல. பாலிகிளைகாலிக் அமிலத்தாலான அறுவைத் தையல் நூல் 1970களின் தொடக்கத்திலேயே வழக்கிற்கு வந்துவிட்டது. இதனையும் பாலிலாக்டிக் அமிலத்தையும் சரிபாதியாகக் கொண்ட கூட்டுப் பாலிமர், உடலிலுள்ள நீரால் சிறுகச் சிறுகச் சிதைந்து ஓரிரு மாதங்களில் மறைகிறது. எஞ்சும் அமிலங்களை உடல் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றி வெளியேற்றுகிறது. பாலிகேப்ரோலேக்டோன் என்னும் மற்றொரு பாலிமரோ ஈராண்டுக்கு மேலும் நிற்கும். ஆகவே தேவைப்படும் கால அளவிற்கேற்பப் பொருளைத் தேர்ந்துகொள்ளலாம்.

நூற்கும் முறை

பாலிமரையும் மருந்தையும் ஒரு கரைப்பானில் கலந்து, நுண்ணிய ஊசியின் வழியே மெல்லச் செலுத்துகின்றனர். ஊசிக்கும் எதிரேயுள்ள உலோகத் தகட்டிற்கும் இடையே பத்தாயிரம் முதல் முப்பதாயிரம் வோல்ட் வரை மின்னழுத்தம் தரப்படுகிறது. ஊசிமுனைத் துளி கூம்பாக நீண்டு, அதன் நுனியிலிருந்து நீர்மம் தாரையாகப் பாய்கிறது. வழியிலேயே கரைப்பான் ஆவியாகிவிட, சில நூறு நானோமீட்டர் தடிப்புள்ள இழைகள் தகட்டின்மேல் துணிபோலப் படிகின்றன. தலைமயிரின் தடிப்பு இவ்விழையைப்போல் நூறு மடங்குக்கும் மேல். மின்விசையால் இழை நூற்கும் முறைக்கு ஜெர்மானியரான அன்டன் ஃபார்மால்ஸ் 1934ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். எனினும் இவ்வாறு நூற்ற டெட்ராசைக்ளின் இழைகளை மேற்கூறிய ஈறு நூலுடன் ஒப்பிட்ட ஆய்வு 2002ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது.

அவ்வாய்வின் முடிவு கவனிக்கத்தக்கது. கரையாத பாலிமரும் பாலிலாக்டிக் அமிலமும் சமமாகக் கலந்த இழைகள் ஏறத்தாழ ஐந்து நாட்கள் மருந்தை ஓரளவு சீராக வெளியிட்டன. தனிப் பாலிலாக்டிக் அமில இழைகளோ தொடக்கத்தில் சிறிது மருந்தை விட்டபின் ஏறக்குறைய நின்றுவிட்டன. பொருள் கரையக்கூடியது என்பதனாலேயே மருந்து ஒழுங்காக வெளிப்படும் எனக் கொள்வதற்கில்லை. இழை மெலிய மெலிய அதன் பரப்பு பெருகுகிறது. பரப்பில் தங்கிய மருந்து முதல் சில மணி நேரத்திலேயே கொட்டிவிடக்கூடும். வீரியமிக்க மருந்தாயின் இது ஆபத்து. மருந்தை உள்ளே வைத்து, மருந்தில்லாத பாலிமரை உறையாகப் போர்த்தி நூற்பது இதற்கு ஒரு மாற்று. செய்முறை கடினமாகும், செலவும் கூடும்.

விலையும் விதியும்

ஓர் ஊசி மணிக்கு ஒரு மில்லிலிட்டர் கரைசலைச் செலுத்துவதாகவும், அதில் பத்து விழுக்காடு பாலிமர் உள்ளதாகவும் கொண்டால், கிடைப்பது பத்தில் ஒரு கிராம் இழையே. ஊசியின்றிச் சுழலும் உருளையிலிருந்து நூற்கும் எந்திரங்கள் செக் நாட்டின் லிபரெட்ஸ் நகரில் உருவானதற்கு இந்த மந்தமே காரணம். விலையை ஒப்பிடும்போது ஒரு மாத்திரைக்கு எதிராக ஓர் இழையை நிறுத்துவது பொருந்தாது. முழுச் சிகிச்சைக்கான செலவும், மிச்சமாகும் பயணமும் கூலியும் கணக்கில் வர வேண்டும்.

நம் நாட்டில் நானோ மருந்துகளை மதிப்பிடுவதற்கான வழிகாட்டு நெறிகள் 2019ஆம் ஆண்டு வெளியிடப்பட்டன. பொதுவாக நூறு நானோமீட்டருக்குட்பட்டவையே நானோ பொருள்கள் எனினும், ஆயிரம் நானோமீட்டர் வரையுள்ளவையும் மாறுபட்ட பண்புகளைக் காட்டினால் இந்நெறிகளுக்கு உட்படும். எனவே பெரும்பாலான இழைகள் அளவைக் காட்டி விலகிக்கொள்ள இயலாது.

இன்னொன்று, பேசப்படுவது குறைவு. நீரால் சிதைவதே இப்பொருளின் சிறப்பு. காற்றிலுள்ள ஈரத்திற்கும் அது விலக்கன்று. கோடையிலும் மழையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் அலமாரியில் இருக்க வேண்டுமாயின், ஈரம் புகாத உறையும் உலர்ந்த, குளிர்ந்த இடமும் வேண்டும். அச்செலவையும் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டியிருக்கும்.